பதினொரு ஜோடி புது பூட்ஸுடன் திண்டுக்கல் போய் வந்தது

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கால்பந்து டீமைக் கூட்டிப்போக எந்த பஸ் தோது, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். நான் டீமோடு போனது தொண்ணூற்றேழாம் வருஷம், ஆயுத பூஜை கழிந்த நாலாம் நாள். பழைய கதைதான். ஆனால் அந்த ரோட்டு வெயில் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டுகிறாள். நேரமும் சார்ஜும் என் ஞாபகத்தில் இருப்பவை.

அப்போது தல்லாகுளம் பக்கம் ஒரு கல்லூரியில் மார்க்கராக இருந்தேன். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, சாமான் பீரோவைப் பூட்டித் திறப்பது, இவைதான் வேலை. அந்த வருஷம் எங்கள் டீம் வரிசையாக நாலு மேட்ச் தோற்றிருந்தது. விருதுநகரில் மூன்று கோல் வாங்கினோம், சிவகங்கையில் இரண்டு, காரைக்குடியில் ஐந்து, சொந்த மைதானத்தில் ஒன்று. பதினைந்து பையன்களுக்கு ஏழு ஜோடி பூட்ஸ். மற்றவர்களுக்குக் கேன்வாஸ் ஷூ. ஒருவன் வெளியே வந்தால் அவன் பூட்ஸ் யார் காலுக்குச் சேருமோ அவன்தான் உள்ளே போவான். மற்ற டீம்கள் ஆட்டத்தைப் பார்த்து ஆளை மாற்றின. நாங்கள் பாதத்தைப் பார்த்து மாற்றினோம்.

திண்டுக்கல்லில் கடைசி மேட்ச். அதிலும் தோற்றால் கால்பந்து டீமே வேண்டாம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். எங்கள் கேப்டன் முத்துராஜ், பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் மகன், இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். டீமில் இருந்ததால்தான் அவனுக்கு ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாடும் இலவசம். டீம் போனால் அவன் படிப்பும் போகும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டான்.

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால், வளைகுடாவில் இருந்த ஒரு பழைய மாணவர், அளவு கேட்டு வாங்கி, பதினொரு ஜோடி தோல் பூட்ஸ் அனுப்பினார். அட்டைப் பெட்டியைத் திறந்தால் அப்படி ஒரு மணம். பி.டி. சார் வெளியூர் முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நாளைலருந்து பயலுகளுக்குக் குடுங்க, போட்டு ஓடிப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கொடுக்கவில்லை. மறுநாள் முத்துராஜும் கோல்கீப்பர் குபேந்திரனும் வந்து நின்றார்கள்.

"அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு ஓடிட்டுக் கழட்டித் தந்துர்றோம்."

"பூஜைக்கு முன்னால தொடக்கூடாது தம்பி. செம்மண்ணுல போட்டு ஒழப்பிப்புட்டு, அப்பறம் எதுக்குச் சந்தனம் வைக்கிறது?"

குபேந்திரன் சிரித்தான். "எந்த ஊருலண்ணே செருப்புக்குச் சந்தனம் வைப்பாக?"

"டிரைவர் வண்டிக்கு வைக்கிறான்ல? ஒனக்கு வண்டி இதுதான், போ."

பூஜையன்று பந்து, வலை, ரோலர் எல்லாவற்றோடும் பதினொரு ஜோடியையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கொடுத்தேன். பூஜை முடிந்தும் மூன்று நாள் இருந்தது. பையன்கள் திரும்பவும் கேட்டார்கள். திண்டுக்கல்லில் போய் பளபளவென்று இறங்குவோம் என்று திரும்பவும் பூட்டினேன். பழைய பூட்ஸையும் கேன்வாஸ் ஷூவையும் பீரோவுக்குப் பின்னால் தூக்கிப் போட்டேன். பிய்ந்த பூட்ஸை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேட்ச் அன்று காலை ஒன்பதே காலுக்குத் தல்லாகுளத்தில் டவுன் பஸ். திண்டுக்கல் பஸ் அப்போது ஆரப்பாளையத்தில் நிற்கும். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தோம். அறுபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். முகாமிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாக பி.டி. சார் சொல்லியிருந்தார். கண்டக்டர் மூட்டையை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய மூட்டையில என்னண்ணே?"

"பூட்ஸு. மேட்சுக்குப் போறோம்."

"இதுவரைக்கும் எத்தன ஜெயிச்சிருக்கீக?"

"இன்னும் கணக்கே தொறக்கல" என்றான் குபேந்திரன்.

"அப்ப லக்கேஜ் போட்டே ஆகணும் மாப்ள. ஜெயிச்சுட்டு வாங்க, திரும்புறப்ப ஓசி."

பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு. வலது பக்க ஜன்னலில் மலை கூடவே வரும். பதினொன்றே முக்காலுக்குத் திண்டுக்கல். ஸ்டாண்டுக்கு எதிரே தயிர்ச்சாதம் ஆறு ரூபாய். மைதானம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர், நடந்தே போகலாம்.

மூன்று மணிக்கு ஆட்டம். பையன்கள் புது பூட்ஸோடு இறங்கியபோது அந்த ஊர்க்காரர்களே எழுந்து பார்த்தார்கள். பதினோராவது நிமிஷம் முத்துராஜ் ஒரு கோல் போட்டான். அந்த சீசனில் முதல்முறையாக நாங்கள் முன்னால் இருந்தோம். பி.டி. சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இருபது நிமிஷம் ஆகவில்லை, பையன்கள் நொண்ட ஆரம்பித்தார்கள். பழகாத தோல், காய்ந்த சரளைத் தரை. இடைவேளைக்கு வந்து சாக்ஸை உருவினால் பத்துப் பேருக்குக் குதிகால் தோல் உரிந்து ரத்தம். ஓடாமல் நின்ற குபேந்திரன் கால் மட்டும் தப்பியிருந்தது.

"அண்ணே, பழச எடுங்க" என்றான் முத்துராஜ்.

"கொண்டு வரலப்பா."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வெறுங்காலோடு ஆடலாமா என்று ரெஃப்ரியிடம் போய்க் கேட்டான். ஆகாது என்றுவிட்டார். பின்பாதியில் பூட்ஸின் பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டு, செருப்பு மாதிரி இழுத்து இழுத்து ஓடினான். இரண்டு தடவை பூட்ஸ் கழன்று பறந்தது. கூட்டம் சிரித்தது. இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவது கோல் விழுந்தபோது எங்கள் பையன்களில் நாலு பேர் ஓடவே இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் திரும்பினோம். பி.டி. சார் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பரவை ஸ்டாப் வந்ததும் முத்துராஜ் எழுந்தான். ஹாஸ்டலுக்கு வரவில்லையா என்று கேட்டேன். பூட்ஸைத் துடைத்து, கயிற்றை ஒன்றாக முடிந்து என் மடியில் வைத்தான்.

"இப்ப நல்லா எளகிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு இறங்கிப் போனான்.

அடுத்த வாரமே டீமைக் கலைத்துவிட்டார்கள். முத்துராஜ் சாமான் எடுக்கக்கூட வரவில்லை, குபேந்திரன்தான் டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வளைகுடாக்காரர் மட்டமான சரக்கை அனுப்பிவிட்டார் என்றுதான் பி.டி. சார் கடைசிவரை நினைத்திருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. அத்தனை நாளும் பீரோ பூட்டியே கிடந்ததைப் பதினைந்து பேரில் ஒருவன்கூட அவரிடம் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்துப் பரவை மார்க்கெட்டில் முத்துராஜை லாரி மேல் பார்த்தேன். தலையில் வெங்காய மூட்டை. அவன் திரும்புவதற்குள் நான் வேறு சந்தில் நுழைந்துவிட்டேன். இன்றைக்கும் திண்டுக்கல் போக வேண்டுமென்றால் ரயிலில்தான் போகிறேன், பஸ் என்றால் பரவையில் நிற்கும்.

டீமோடு போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள், மத்தியான வெயிலில் பையன்கள் வதங்கிப்போவார்கள். தரை சரளை, தண்ணீர் நிறைய வேண்டும். பஞ்சும் மருந்தும் கையில் இருக்கட்டும். பிய்ந்திருந்தாலும் பழைய பூட்ஸை மூட்டையில் போடுங்கள். பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருந்தால், பையன் முதல் தடவை கேட்கும்போதே திறந்துவிடுங்கள்.