மணி சரி, தேதி தப்பு

சில வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கேமரன் மலையில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்து ஆபீசில் நான் கிராணி. எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான். அப்பா தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. ஒரு தடவை ஏறினால் வீடு திரும்ப ஒன்பது மாதம் ஆகும்.

அந்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உங்கண்ணன் கடல்ல இருக்கான். நான் மேசையிலயே போயிட்டா யாரு கொள்ளி வைக்கிறது? அவன் போங்கன்னு சொல்லட்டும், போறேன். இல்லாட்டி அவன் வந்தப்புறம் பாத்துக்கலாம் லா."

அண்ணன் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. டாக்டரோ ஐந்து வாரம்கூடத் தாங்காது என்றிருந்தார். 'நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே' என்று நுனி நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்காததால் கோபம் இரண்டு மடங்காகி, சோற்றுப் பானையை ணங்கென்று வைத்தேன்.

அன்றே அண்ணனுக்கு மெயில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. நடுக்கடலில் போன் எடுக்காது. ஆனால் வீட்டாரோடு எழுத்தில் பேச, கப்பல் கம்பெனியே ஒரு சாட் புரோகிராம் வைத்திருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வை, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தான். மெயிலிலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடலாமே என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"கடுதாசி கிடுதாசி எல்லாம் வேணாம். நான் கேக்கணும், அவன் அப்பவே பதில் சொல்லணும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இங்கேதான் என் கஷ்ட காலம் ஆரம்பம். அந்தப் புரோகிராம் போனில் வேலை செய்யாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் போட முடியாதபடி தலைமை ஆபீஸ் பூட்டி வைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு லேப்டாப் கூடவா இல்லை என்று கேட்காதீர்கள். இருந்த ஒன்றும் கோலாலம்பூரில் படிக்கும் பெண்ணோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது ஆபீஸ் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த பழைய மெஷின். யாரோ எப்போதோ அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார்கள். தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டேன். வேலை முடிந்த பிறகு எடுத்துக்கொள் என்றார்.

கம்பெனியின் பக்கத்தில் விண்டோஸுக்கு ஒரு கிளிக்கில் போடும் புரோகிராம் இருந்தது. லினக்ஸுக்கு 'சோர்ஸ்' மட்டும்தான் உண்டு, நீங்களே கம்பைல் செய்து கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. எனக்குப் புரிந்த வரையில், கடையில் தேயிலைத் தூள் கேட்டால் ஒரு கூடை கொழுந்தைக் கொடுத்து, வீட்டில் போய் அரைத்து வறுத்துக் கொள்ளம்மா என்பது போல. கூடவே நாலு வரியில் செய்முறை. நாலே வரிதானே என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். அந்த மெஷினைப் போடும்போதெல்லாம் முதலில் நேரத்தைச் சரி பண்ணச் சொல்லும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியையும் நிமிடத்தையும் சரியாக வைப்பேன். அவ்வளவு ஒழுங்கானவள் நான். அதில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று சொல்லிச் சொல்லி மூடிக்கொண்டது. சரி என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டு போனேன்.

முதல் வரியை அடித்தேன். கோப்புகளைப் பிரிக்கும்போதே, 'இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் மடமடவென்று வரிகள் ஓடின. எதிர்காலமா? பயமாகக்கூட இருந்தது. இரண்டாவது வரியை அடித்தேன். 'புதிதாக உண்டாக்கிய கோப்பு, வந்த கோப்புகளை விடப் பழையதாக இருக்கிறது. கடிகாரத்தைப் பாருங்கள்' என்று சொல்லி நின்றுவிட்டது.

புதியது எப்படிப் பழையதாக இருக்கும்? கடிகாரத்தைப் பார்த்தேன். திரையில் ஐந்து இருபது. சுவரிலும் ஐந்து இருபது. மெஷினுக்குப் பைத்தியமா, எனக்குப் பைத்தியமா என்றே தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். பென்டிரைவை மாற்றினேன். பழைய பதிப்பை இறக்கிப் பார்த்தேன். வியாழக்கிழமையும் அதே கதை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் மாற்றி மாற்றி அடித்தேன். எதை மாற்றினால் எது ஆகும் என்று தெரியாமலே மாற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத ஊரில் பஸ் மாறி ஏறியவள் போலிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குள் ஒரு கெட்ட யோசனை எட்டிப் பார்த்தது. அண்ணன் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ் அப்பாவுக்குப் படிக்க வராது. ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, நானே 'போங்கப்பா' என்று அடித்து, நானே படித்துக் காட்டினால் என்ன? ஒரு உயிரைக் காப்பாற்றத்தானே? அந்த யோசனையோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கிட்டத்தட்ட முடிவே பண்ணிவிட்டேன்.

அப்போது கதவைத் தட்டினார் ஒரு வங்காளதேசத்து மனிதர். எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டுபவர். லயன் வீடுகளில் நம் ஆட்களோடு ஏழு வருடம் இருந்து தமிழ் பேசக் கற்றவர். அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் கடிதத்துக்காக அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக வந்திருந்தார். இரண்டு முறையும் நான் நாளைக்கு, நாளைக்கு என்று விரட்டியிருந்தேன்.

"அக்கா, என்னோட பேப்பர்..."

"கண்ணு தெரியல? நான் எவ்வளவு டென்ஷன்ல இருக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் போகவில்லை. பயந்துகொண்டே திரையை எட்டிப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

"அக்கா, இதுல தேதி தப்பு லா."

பார்த்தேன். மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் தேதி. பதினோரு வருடம் பின்தங்கி இருந்தது.

மூன்று நாளாக நான் மணியைத்தான் பார்த்தேன், தேதியைப் பார்க்கவே இல்லை. உள்ளே இருந்த பேட்டரி செத்துப்போய், மின்சாரம் நின்றதும் மெஷின் பழைய தேதிக்கே ஓடிவிடும். நான் மணியை மட்டும் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முந்தைய மெஷினிடம் போன மாதம் எழுதிய கோப்பைக் கொடுத்தால், எதிர்காலம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

"எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எந்தப் பேப்பர் பாத்தாலும் தேதிதான் அக்கா முதல்ல பாப்பேன். என்னோட பெர்மிட்டுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான்."

எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத்தான் தோன்றியது. அவருடைய கோப்பு இரண்டு வாரமாக என் மேசையில், என் டீ கோப்பைக்கு அடியில் கிடந்தது. அங்கேயே அவரை உட்கார வைத்து, கடிதத்தை அடித்து, மறுநாள் காலையிலேயே துரையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் என் வேலை.

தேதியை மாற்றியதும் இணையப் பக்கங்கள் திறந்தன. இரண்டாவது வரி ஓடியது. அது இல்லை, இது இல்லை என்று சிலதைக் கேட்டது, ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். மூன்றாவது வரிக்கு அரை மணி நேரம் புரியாத எழுத்தாக ஓடிக்கொண்டே இருந்தது. நாலாவது வரி, உனக்கு அனுமதி இல்லை என்றது. அனுமதி கேட்கும் வார்த்தையை முன்னால் சேர்த்து அடித்ததும் முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவை ஆபீசுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். ஆறு தாண்டிப் பத்து நிமிடத்தில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'நான் மேசையிலயே போயிட்டா, நீ கடல்ல இருக்கியே, யாருப்பா கொள்ளி வைக்கிறது?'

பதில் வர ரொம்ப நேரம் ஆனது. வந்ததை எனக்குள்ளேயே இரண்டு தடவை படித்தேன்.

"என்ன எழுதியிருக்கான்? படி" என்றார் அப்பா.

"'பாப்பா இருக்கால்ல. அவ வைக்கட்டும். உங்கள இத்தனை வருஷம் பாத்துக்கிட்டவ அவதான். நான் அங்க இருந்தாலும் அவ கையிலதான் கொடுத்திருப்பேன். நீங்க தைரியமா போங்க.'"

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது அவன் எழுதுனதா, நீயா சேத்துப் படிக்கிறியா?"

நேற்று நினைத்தது நெற்றியில் எழுதியிருக்கிறதோ என்னவோ.

"கேளு அவன்கிட்ட. முதமுதலா நான் அவனுக்கு லோரி ஓட்டக் கொடுத்தப்ப கியா பார்ம் வளைவுல என்ன ஆச்சு?"

இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. லோரிக் கண்ணாடி மரக்கிளையில் பட்டு உடைந்தது. நானே சொல்லியிருப்பேன். ஆனால் அண்ணனிடமிருந்து வந்தது வேறு. 'ஸ்ட்ராபெரி கடைக் குடையில இடிச்சேன். மரத்துல பட்டுச்சுன்னு வீட்டுல சொல்லச் சொன்னது நீங்கதானே.'

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாதத்தில் முதல் சிரிப்பு. அப்புறம் சட்டைப்பையிலிருந்து பாரத்தை எடுத்துப் பிரித்து, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"நீ கேஸ் அடுப்பு பத்த வைக்கவே பயப்படுவியே பாப்பா?"

"பழகிக்கிறேன்ப்பா. அவசரம் இல்ல" என்றேன்.

அப்பா இன்றைக்கும் இருக்கிறார், உப்புக் குறைவு என்று தினமும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு. அந்த மனிதரின் பெர்மிட் நாலு நாள் மிச்சம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. எதற்கெடுத்தாலும் குழம்புவது எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் கதவைத் தட்டி ஒருவர் காகிதம் நீட்டினால், நான் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, அவருக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் தேதியைப் பார்க்கிறேன்.