கோட்டுப்பால் வளையமும் என் கல்யாண மேளமும்

கிர்ர்ர்... கிர்ர்ர்...

டின்னுக்குள்ள மாட்டிக்கிட்ட வண்டு மாதிரி ஒரு சத்தம். கூடவே அடுப்புல மரவள்ளிக் கிழங்கு வேகுற வாசம். என் கல்யாணத்துக்கு அஞ்சு நாள் முந்தி கூலிக்காரங்க வரிசையா குடியிருக்கிற லயத்துல எங்க வீடு இப்படித்தான் இருந்துச்சு.

மம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டு... ஜப்பான்காரன் காலம். எனக்குப் பதினெட்டு வயசு.

அப்பா துரை பங்களாவுல சமையல்காரரு. ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடுறப்போ, சாவி குடுத்துப் பாட வைக்கிற கிராமபோன் பெட்டிய அப்பாகிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு. சோத்துக்கு வழியில்லாத வீட்டுல கிராமபோன்! லயமே சிரிச்சுச்சு.

ஆனா அந்தப் பெட்டிய நம்பித்தான் என் கல்யாணமே இருந்துச்சு.

அப்போ சயாமுக்கு ரயில் ரோடு போட ஆளப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாணம் ஆகாத பசங்களத்தான் மொதல்ல ஏத்துறாங்கன்னு பேச்சு. எனக்குப் பேசி வச்சவரு பக்கத்து எஸ்டேட்டுல பால் மரம் சீவுறவரு. அடுத்த வாரம் லாரி வருதுன்னு வேலை வாங்குற மண்டோர் வந்து சொன்னதும், அவசர அவசரமா நாள் குறிச்சாங்க.

மேளக்காரங்க? அவங்கள ஏற்கெனவே சயாமுக்கு ஏத்தியாச்சு.

அம்மா ஒரே பிடிவாதம். "மேளச் சத்தம் இல்லாம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. லாரி வந்தா வரட்டும்!"

ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியோட வீட்டம்மாகிட்ட ஒரு நாதஸ்வரப் பிளேட்டு இருந்துச்சு. கெஞ்சி வாங்கிட்டு வந்து போட்டா... கிர்ர்ர்ர். நாதஸ்வரம் மேல ஏற ஏற அதுவும் ஏறுது. அம்மா காதப் பொத்திக்கிட்டாங்க. "யாரோ அழுவுற மாதிரி இருக்கு. தாலி கட்டுற நேரத்துல இந்தச் சத்தமா?"

ஊசி தேஞ்சு போச்சுன்னு அப்பா நெனைச்சாரு. புது ஊசிக்கு எங்க போறது... மூங்கில் குச்சியச் சீவி மாட்டுனாரு. சரசரப்பு அடங்குச்சு, கிர்ர் அடங்கல. உள்ள தேங்கா எண்ணெய் விட்டாரு. சுத்துறப்போ வர்ற டொக் டொக் நின்னுச்சு, கிர்ர் மட்டும் நிக்கல. அம்மா பிளேட்டத்தான் சந்தேகப்பட்டாங்க. சீயக்கா போட்டுத் தேய்க்கப் போனவங்க கையில இருந்து அப்பா அதப் பிடுங்கி வச்சாரு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்களே வாயால பீப்பீன்னு ஊதிடுங்கப்பா"ன்னு சொல்லிட்டு, பின்பக்கம் போய் அழுதேன். உள்ளுக்குள்ள அவ்வளவு பயம்.

மறுநாள், சங்கதி கேள்விப்பட்டு மாப்பிள்ளையே வந்து நின்னாரு! பேரு சொல்ல மாட்டேன், இப்பவும். கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு வீட்டுக்கு வர்றதாவது... அம்மா என்னைய அடுப்படிக்குத் தள்ளிட்டாங்க. கதவிடுக்குல பாத்தேன், பாக்காம இருப்பேனா?

பிளேட்டு ஓடுறப்பவே, ஊசி மாட்டுற அந்த வட்டத் தலைய விரலால லேசா அமுக்குனாரு. கிர்ர் நின்னுச்சு. விரல எடுத்தாரு, திரும்ப வந்துச்சு.

"மாமா, நோய் இங்கதான் இருக்கு"ன்னாரு.

தலையக் கழட்டுனா உள்ள அப்பளம் மாதிரி ஒரு மைக்கா தகடு. அதச் சுத்தி இருந்த ரப்பர் வளையம் காஞ்சு கல்லாயிப் பொடிப்பொடியா உதிருது. பிடிப்பு இல்லாம தகடு ஆடுற சத்தத்தத்தான் நாங்க இத்தன நாளா கேட்டுக்கிட்டு இருந்தோம்.

"சாமான் எங்க கிடைக்கும் மாப்பிள்ள?"ன்னு அப்பா கேட்டாரு.

அவரு சிரிச்சாரு. "ரப்பர் காட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு ரப்பருக்கு அழலாமா மாமா?"

மரத்தச் சீவுனா, பால் வடிஞ்ச கோட்டுல மிச்சம் காஞ்சு கயிறு மாதிரி ஒட்டி நிக்கும். கோட்டுப்பால்னு சொல்லுவோம். தினம் நாங்க பிச்சு வாளியில எறியிற சமாச்சாரம்! ஒரு மரத்தச் சீவி விட்டுட்டுப் போனவரு, மறுநாள் அதப் பிச்சு உருட்டித் தகடு ஓரமா சுத்தி வச்சு மூடுனாரு. அதையும் கதவிடுக்குலதான் பாத்தேன்.

பிளேட்டு போட்டாரு... நாதஸ்வரம். வெறும் நாதஸ்வரம்!

அம்மா ஓன்னு அழுதாங்க. சந்தோஷத்துல.

கல்யாணம் நடந்துச்சு. நாலாம் நாள் லாரி வந்துச்சு. மண்டோர் படிச்ச பேருல அவரு பேரு இல்ல. போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வரவே இல்ல. எனக்கு மட்டும் அறுபது வருஷம் அவரோட வாழக் குடுத்து வச்சிருந்துச்சு. சாமிக்கும் நன்றி, அந்தக் கோட்டுப்பாலுக்கும் நன்றி.

இதெல்லாம் இப்ப ஏன்னு கேக்குறீங்களா?

அம்பாங்கான்ல இருக்கிற வீட்டுல என் சின்ன மகன் புதுசா ஒரு ரிக்கார்டு பிளேயர் செட்டு வாங்கியிருக்கான். ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு இரைச்சல். ஆன்லைன்ல கேட்டு, எர்த் ஒயர் ஒண்ணு மாட்டுனான், நின்னுடுச்சு. எவ்வளவு சுளுவு! அந்த ஜோருல நம்ம பழைய பெட்டியையும் இறக்கிப் பாடவிட்டான்.

கிர்ர்ர்ர்...

அவரு போட்ட வளையமும் கல்லாயிடுச்சு. அவரு போயும் வருஷம் ஆச்சுல்ல.

"வாஷர் ஆர்டர் பண்ணிட்டேன்மா, மூணு நாள்ல வந்துடும்"ங்கிறான்.

"கேன்சல் பண்ணு லா. கோலா கிளாவாங் போற வழியில இன்னும் பால் மரம் நிக்குது. ஒரு முழம் கோட்டுப்பால் கேட்டு வாங்கிட்டு வா. எப்படிச் சுத்துறதுன்னு நான் சொல்றேன்... கதவிடுக்குல பாத்து வச்சிருக்கேன்."