வச்சலாவின் காலுக்கு வந்த பழி

தேவனேரிக் குப்பத்தில் வச்சலா வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் போதும், மீன் வாசனை அடிக்கிற வெள்ளை வேன் வாசலிலேயே நிற்கும். அதை ஓட்டுகிறவள்தான் வச்சலா. விடியக் காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு அடுக்கி, கேளம்பாக்கம் தாண்டிப் படூர் அடுக்குமாடிகளின் வாசலில் போய் ஹாரன் அடிப்பாள். அங்கே நைட்டியும் துண்டுமாகப் பெண்கள் கீழே இறங்கி வருவார்கள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற காலமும் அவளுக்கு உண்டு. கூடையைக் கண்டதும் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார், பஸ் நிற்காது. அந்த ரோஷத்தில்தான் வண்டி ஓட்டக் கற்றாள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அவள் புருஷன் சிங்காரம் படகில் போகிறவன். அவனுக்கு வண்டி ஓட்ட வராது, ஆனால் வண்டி என்றால் உயிர். சாயங்காலம் அவள் திரும்பியதும் கடலில் வாளி வாளியாக மொண்டு வந்து உள்ளே, வெளியே, அடியிலே என்று வீசிக் கழுவுவான். படகு கழுவிப் பழகிய கை அல்லவா? "ஈசிஆர்ல நம்ம வண்டி மாதிரி சுத்தமா இன்னொண்ணு இருக்கா, சொல்லு!" என்று பீற்றல் வேறு.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, ஏலம் நடக்கிற இடத்தில் வச்சலா பிரேக்கை மிதித்தாள். பெடல் சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போய்விட்டது. வண்டி பாட்டுக்குப் போகிறது! பதறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வேன் நின்றது, ஆனால் வேண்டா என்கிறவளின் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றது. நல்லவேளை, அடிபட்டது நாலு வஞ்சிரம் மட்டும்.

வேண்டா யார் என்றால், தினமும் ஏலத்தில் வச்சலாவோடு மல்லுக்கு நிற்கிறவள். அந்த வாய் சும்மா இருக்குமா?

"கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்தியா?"

"பிரேக்கு புடிக்கல வேண்டா!"

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

கரையே சிரித்தது. சிங்காரத்துக்கு மானம் போய்விட்டது. நேரே வந்து சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"எப்பப் பாரு பிரேக்கு மேலயே கால வெச்சிகினு ஓட்னா அது தேயாம இன்னா பண்ணும்? உன் காலு செரியில்லடி. இனிமே ஒரு டிரைவரப் போட்டுக்கலாம்."

டிரைவரா! வண்டியில் இன்னொருத்தன் உட்கார்ந்துவிட்டால், தான் மறுபடி கூடைக்காரிதான் என்று அவளுக்குத் தெரியும். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. கரையிலிருந்து நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து விட்ட வேன் வாசலில் நின்றது. கோபத்தில் சிங்காரம் அதைக் கழுவவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வாசற்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தெருப்பூனை ஒன்று வந்தது. வேனின் பின்கதவுக்குக் கீழே மீன் தண்ணீர் காய்ந்த இடத்தை ஆசையாக நக்கியது. அப்புறம் பின்சக்கரத்தருகே போனது. அங்கே மண் இன்னும் ஈரம். முகர்ந்தது, மூஞ்சியைச் சுளித்தது, ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓடிவிட்டது.

வச்சலா எழுந்து போய் அந்த ஈரத்தைத் தொட்டாள். வழவழவென்றிருந்தது. மோந்து பார்த்தாள். மீன் வாசனையே இல்லை!

மீன் வாசனை இல்லாத தண்ணி நம்ம வண்டியில் ஏது? அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தினமும் ஐஸ் உருகிச் சொட்டுகிற வண்டி. அடியில் எது ஒழுகினாலும் மீன் தண்ணி என்று விட்டாயிற்று. போதாக்குறைக்குச் சாயங்காலம் ஒருத்தன் அதைக் கழுவியும் விட்டுவிடுகிறான்.

பூஞ்சேரி மெக்கானிக் உலகநாதனுக்குப் போன் போட்டாள். அவர் ஸ்கூட்டரில் வந்து, அடியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அட்டையைப் போட்டுப் படுத்தார். "மிதிம்மா" என்றார். அவள் மிதித்தாள். பின்சக்கரத்துக்குப் போகிற இரும்புக் குழாயிலிருந்து பிரேக் ஆயில் பொட்டுப் பொட்டாக வழிந்தது.

"பைப்பு துருப்புடிச்சி ஓட்டையாயி கீது. ஆயில் எல்லாம் பூட்டா பிரேக்கு எங்கேர்ந்து புடிக்கும்?" என்றவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா கூத்து இது, அடி மொத்தமும் உப்பு! வண்டிய கடல்ல எறக்குனீங்களா?"

வச்சலா வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். சிங்காரம் தென்னைமரத்தைப் பார்த்தான்.

உலகநாதன் புதுக் குழாய் மாட்டி ஆயில் ஊற்றினார். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். "நான் மிதிக்கிறேன்" என்று சிங்காரம் முந்திக்கொண்டு ஏறினான். "புடிச்சிகினு இரு" என்றால் விட்டுவிட்டான், "வுடு" என்றால் மிதித்தான்.

"யப்பா சாமி, எறங்கு நைனா! காத்து திரும்ப உள்ள போவுது. அந்தம்மா வரட்டும்."

வச்சலா ஏறினாள். சொன்னபோது மிதித்தாள், சொல்லும்வரை பிடித்தாள், சொன்னபோது விட்டாள். கொஞ்ச நேரத்தில் பெடல் கல்லு மாதிரி நின்றது.

"சோக்கான காலும்மா உனுக்கு" என்றார் உலகநாதன்.

அதற்குள் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அதில் வேண்டாவும் இருந்தாள். "இன்னா மெக்கானிக்கு, பொம்பள காலு பண்ண கோளாற செரி பண்ட்டியா?"

வச்சலாவுக்கு நாக்கு அரித்தது. ஒரு வார்த்தை போதும், புருஷன் பேர் கரை முழுக்க நாறிவிடும். வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் சிங்காரம் பேசிவிட்டான்.

"காலு இல்ல வேண்டா. நான்தான். டெய்லி கடத்தண்ணிய ஊத்தி ஊத்தி நானே பைப்ப அரிக்க வுட்டுட்டேன். பழிய இவ மேல போட்டேன்."

சிங்காரம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எல்லார் முன்னாலும் வச்சலாவிடம் நீட்டினான். கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று நேற்றிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கண்தான் கலங்கியது.

"பேஜாரு புடிச்ச மனுசன்யா நீ" என்று மட்டும் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் படூரிலிருந்து திரும்பியபோது தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையின் நடுவே, மடித்துக் கட்டிய லுங்கியோடு, இரண்டு குடங்களை வைத்துக்கொண்டு சிங்காரம் நின்றான். குப்பத்தில் எந்த ஆம்பளையும் நிற்காத வரிசை அது.

"இன்னா அண்ணாத்த, வூட்ல தண்ணி இல்லியா?" என்று பின்னாலிருந்து வேண்டா சீண்டினாள்.

"வூட்டுக்கு இல்ல, எங்க வச்சலா வண்டிக்கு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தினான் சிங்காரம்.