கொல்லையில் ஒரு பாத்தி

மழை ஓய்ந்து, மரக்காணம் உப்பளங்களில் களிமண் பாத்தியைத் தரை இறுகும்படி காலால் மிதிக்கத் தொடங்கும் தை மாதம் அது. பொங்கல் விடுமுறை முடிந்திருந்தது என்பது உறுதி. கொல்லையில் கரும்புச் சக்கை இன்னும் காயாமல் கிடந்தது. நான் நான்காம் வகுப்பு.

அத்தைக்கு மார்பில் புற்றுநோய். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கீமோ ஊசி போட்டுவந்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி நடத்தினார். சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் தசை கரைகிறது. உழைக்கும் தசையோ ரத்தத்துச் சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. தினமும் உழைக்கவைத்தால் கரைவது குறையுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அத்தையும் அதில் சேர்ந்திருந்தார். நகராத சைக்கிளில் உட்காரவைத்து, மிதிக்குமுன் ஒரு முறையும் மிதித்தபின் ஒரு முறையும் சர்க்கரையை அளக்க ரத்தம் எடுப்பார்களாம். வீட்டிலும் கால்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், இப்படியே மெலிந்தால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட நேரும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

"காலம் பூரா அளத்துல மிதிச்சவளுக்கு எக்சர்சைஸாம்" என்றார் அப்பா. தன் அக்காவான அத்தையின் கால் தரையில் படுவதையே அவர் பொறுக்கமாட்டார். தண்ணீர்ச் சொம்பும் கட்டிலுக்கே போகும்.

தனக்குத் தெரிந்தது மிதிப்புதான் என்றார் அத்தை. கால் வெடிப்பில் உப்புச்சேறு பட்டால் ஆபத்து, உப்பளம் வேண்டாம், வீட்டில் ரப்பர் பூட்ஸ் போட்டு மிதிக்கலாம் என்று டாக்டரம்மா இறங்கிவந்தார். அப்பா கொல்லையில் களிமண் கொட்டி, தண்ணீர் விட்டு, வரப்பு கட்டி ஒரு சின்னப் பாத்தி அமைத்தார்.

மறுநாள் காலை அத்தை பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தால், பாத்தி சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடந்தது. அக்கா சிரமப்படக்கூடாதென்று அப்பாவே முன்னதாக எழுந்து மிதித்து முடித்திருந்தார்.

"ஏன்டா, என்னத்தான மிதிக்கச் சொன்னாங்க? நீ மிதிச்சா எனக்கு எப்படிடா சதை ஏறும்?"

"முட்டி வலிக்குமேன்னுதான்க்கா..."

"வலிக்கட்டும். கொத்திவுட்டுத் தண்ணி ஊத்து."

அதற்கடுத்த நாளும் அதே கதை. ஓரத்தில் மட்டும்தான் மிதித்ததாக அப்பா சாதித்தார். அன்றே மறுபடி கொத்தித் தண்ணீர் ஊற்றவைத்து, அவரை வரப்புக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தை சேற்றில் இறங்கினார். பூட்ஸை ஒவ்வொரு தடவையும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பள்ளிக்குப் போகுமுன் தினமும் மிதித்தோம். முதலில் அத்தையின் கை அழுத்தும் அழுத்தில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோவேன். மாசியில் அவ்வளவு கனக்கவில்லை. பங்குனியில் அந்தக் கை என் சட்டைமேல் சும்மா கிடந்தது; பூட்ஸும் ஒரே இழுப்பில் சேற்றிலிருந்து வந்தது. ஊசி எதுவும் தள்ளிப்போகவில்லை.

"என் தோளு நல்லா கெட்டியாயிடுச்சுப்பா, அத்தை கை கனக்கவே இல்ல" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அப்பா துண்டை எடுத்து வெகுநேரம் முகத்தைத் துடைத்தார். காலையிலேயே அவருக்கு இப்படி வியர்க்கிறதே என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.