திரை இல்லாத அம்மன்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்து குடியேறிய டூட்டிங்கில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வரலாறு படிப்பித்தேன். சோழர் காலச் செப்புச் சிலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று மூன்று மாதம் பெற்றோரிடம் கெஞ்சி, ஒருவழியாக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பத்துப் பிள்ளைகளும் கொட்டாவி விட்டார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

மேலாடை இல்லாத பார்வதி சிலையின் இடை வளைவை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, துணைக்கு வந்த ஒரு மாணவியின் தாய், தன் சால்வையை விரித்துக் கண்ணாடிப் பெட்டியை மறைத்தார்.

"என்ன அக்கா செய்யிறியள்? பிள்ளையள் பாக்க ஏலாமல் கிடக்கு."

"பாக்கக் கூடாதெண்டுதான் மாஸ்டர்."

"இது கலை. உங்களுக்கு விளங்காது." எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓம், விளங்காதுதான். ஆனா ஊரில அம்மனுக்குச் சாத்துப்படி செய்யேக்க ஐயர் ஏன் திரையை இழுத்து மூடுறவர்? நீங்கள் கோயிலுக்குப் போனதில்லையோ?"

போயிருக்கிறேன். பட்டும் பூவும் சாத்தி முடியும்வரை அந்தத் திரைக்கு வெளியே வருடக்கணக்காகக் கைகூப்பி நின்றிருக்கிறேன். உள்ளே இருந்தவள்தான் இவள் என்பது, இத்தனை புத்தகம் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

கொட்டாவி விட்டவர்களில் ஒருத்தி நெருங்கி வந்தாள். "என்ன திரை? ஏன் மூடுறவை?"

மூன்று மாதத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அதை என்னிடம் கேட்கவில்லை. சால்வையோடு நின்றவரிடம் கேட்டாள்.