பாதி வழியில் நின்ற ஜீப்

அந்தத் தொடரின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு நினைவிருக்காது. ராணுவ மருத்துவ முகாம் ஒன்றில் வேலை பார்க்கும் நான்கு பேரைப் பற்றிய சிரிப்புத் தொடர். விளம்பரத்தில் சிரிப்பு என்றுதான் போட்டார்கள். நடுநடுவே அழவும் வைப்பார்கள். மாலை ஆறரைக்கு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அது நின்றுபோனதற்காக வருத்தப்பட்ட வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

என் தம்பி ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தான். டாக்டர் இல்லை. ஊசி போடுகிறவன், கட்டுக் கட்டுகிறவன், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்கிறவன். எங்கள் ஊர் வரிச்சிக்குடியில் அவனை மிலிட்டரி டாக்டர் என்பார்கள், அவனும் மறுக்கமாட்டான். விடுமுறையில் வந்தால், தெருவில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் சர்க்கரை மாத்திரை அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்து "ம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். அந்த "ம்" கேட்காமல் சிலர் மாத்திரையே போடமாட்டார்கள்.

அவனைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டுமென்றால், சாப்பாட்டைச் சொல்வேன். எந்நேரமும் பசி. ஊருக்கு வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பான். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்துவாள். அவன் சாப்பிடாமல் படுத்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள், சுனாமி வந்தபோது. அப்போது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனவன், பெரியவர்களோடு சேர்ந்து அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு மறுநாள்தான் திரும்பினான். அம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. பிறகு ஒருநாள், இந்த வேலைக்குத்தான் போவேன் என்றான். எங்கே கற்றுக்கொள்வாய், யார் சம்பளம் தருவார்கள் என்று அப்பா கேட்டார். ராணுவம் இரண்டையும் செய்தது.

அப்பா இறந்தபோது அவன் லீவு போட்டு வந்து கொள்ளி வைத்தான். அவனே போனபோது கொள்ளி வைக்கப் பெரியப்பா பையன்தான் இருந்தான். மலைமேல் ஒரு முகாமில் காய்ச்சலில் கிடந்த சிப்பாயைக் கீழே கொண்டுவரப் போயிருக்கிறார்கள். பனிப் பாதை. ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. சண்டையில்லை, குண்டில்லை. கண்டுபிடித்து மேலே கொண்டுவரப் பல நாளாயிற்று.

பெட்டி வந்தது. கொடி போர்த்தி, பூ வைத்து, நாலு பக்கமும் திருகி மூடிய பெட்டி. கூட வந்த சிப்பாய் தமிழ்ப் பையன்தான். அம்மாவின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, "தொறக்க வேணாம்மா. தயவுசெஞ்சு கேக்காதீங்கம்மா" என்றான். கேட்கக்கூடாது என்று அவன் சொன்னவிதத்திலேயே எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலோடு சரி. வாசலில் வைத்தே வாய்க்கரிசி போட்டுவிடுவோம். அப்பாவுக்கு அம்மா போட்டதை நான் பார்த்திருக்கிறேன். இடது கையில் பச்சரிசியை அள்ளி, கையைப் புறமாகத் திருப்பி, அவர் உதட்டின் மேல் மெல்லச் சரித்தாள். கடைசிச் சாப்பாடு அது. பசியோடு போகக்கூடாது என்பதுதான் அதன் கணக்கு. தம்பிக்கும் அரிசியை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். வாய் எங்கே இருக்கிறது? யாரோ ஒருவர், "பொட்டி மேலயே போட்டுடுங்கம்மா, நேரமாவுது" என்றார். போட்டாள். வார்னிஷ் அடித்த மூடி. அரிசி அவ்வளவும் வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது. துப்பாக்கி மரியாதை, அதிகாரிகள், மாலைகள் எல்லாம் இருந்தன. எனக்கு அந்த அரிசி உருண்டது மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

அதற்குப் பிறகு அம்மா சாப்பாட்டை விட்டாள். விரதம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பிறகு கையைக் கழுவிவிடுவாள். ரவிக்கை தோளில் தொங்க ஆரம்பித்தது. தருமபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன், அசையவில்லை. அதனால் பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்ததும் நேரே ஸ்கூட்டியில் வரிச்சிக்குடிக்குப் போவேன். கெஞ்சுவேன், திட்டுவேன். எனக்கு வாய் நீளம். "நீயும் போயிட்டா நான் யாருக்குமா பொண்ணு?" என்று கத்தியிருக்கிறேன். அவளையும் இழக்கப் போகிறேன் என்ற பயத்தில்தான் கத்தினேன், வேறொன்றுமில்லை.

இப்படி இருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தையின் டிவி இடி விழுந்து கெட்டுப்போனது. தன் நாடகத்தைப் பார்க்க அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியின் பெட்டி வந்த நாளிலிருந்து போடாமல் கிடந்த டிவியைத் துடைத்துப் போட்டார். அவர் நாடகத்துக்கு முன்னால் இந்தத் தொடர்.

நான் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினேன். ராணுவ உடுப்பு, ஸ்ட்ரெச்சர், பனி. பனி என்றால் பஞ்சு. ஊட்டியில் யூகலிப்டஸ் மரத்துக்கு நடுவில் பஞ்சைத் தூவிவிட்டுக் காஷ்மீர் என்றார்கள். வீரர்கள் எல்லோருக்கும் காதுக்குக் கீழே வரைக்கும் கிருதா. அந்த நால்வரில் ஒருவன் நம் டெல்டாப் பக்கத்துக்காரன், எந்நேரமும் தின்கிறவன். கட்டுத்துணி வைக்கும் பெட்டிக்குள் முறுக்கை ஒளித்துவைத்திருந்தான். மேஜர் அதைத் திறந்ததும் முறுக்கு கொட்டியது. "இது எலும்பு முறிவுக்குங்க ஐயா" என்றான்.

அம்மா சிரித்தாள். சத்தமாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் ரிமோட்டைத் தேடுவதை விட்டேன்.

மறுநாள் நான் போனபோது டிவிக்கு முன்னால் அம்மா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிடும்போது இவளும் சாப்பிட்டாள். அவன் இட்லியை ஆறேழாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் இவளும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். "நம்ம பய இன்னிக்கி என்னா திங்கறான்னு பாப்போம்" என்பாள். அந்த நடிகன் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நடிப்பும் சுமார்தான். ஆனால் அவன் வயிறு நிறைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ரவிக்கை மறுபடி பொருந்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பயலை ஜீப்பில் ஏற்றினார்கள். மலைமேல் ஒரு சிப்பாய்க்குக் காய்ச்சல், போய்க் கொண்டுவர வேண்டும். ஜீப் வளைவில் திரும்பியது, சக்கரம் வழுக்கியது, திரை அப்படியே நின்றது. தொடரும் என்று போட்டார்கள். அம்மா கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை அந்த நேரத்தில் வேறு நாடகம். ஒரு மாமியார் நல்லபாம்போடு பேசிக்கொண்டிருந்தார். பார்க்க ஆளில்லை என்று தொடரைப் பாதியில் தூக்கிவிட்டார்கள். அம்மா டிவியை அணைத்தாள். தட்டை நான் நீட்டினேன். "அவன் வந்து சேந்தானா இல்லையான்னு தெரியாம எப்புடிடி திங்கறது?" என்று கேட்டாள்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. எங்கெங்கோ விசாரித்து, சேனலுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "மேடம், அந்த சீரியல் முடிஞ்சிடுச்சுங்க" என்றாள். "எங்கம்மா முடிஞ்சுது? ஜீப்பு பாதி வழியில நிக்குது. ஏறுனவன் இருக்கானா இல்லையான்னாவது சொல்லு" என்றேன். "அது எழுதவே இல்லீங்க மேடம்" என்றாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

அன்று மாலை வரிச்சிக்குடியில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே சொல்லிவிட்டேன். "அம்மா, அது இப்ப போன்லதான் வருதாம். மத்தியானம் சாப்புடுற நேரத்துல பாத்துட்டேன்."

"வண்டி?"

"வண்டிக்கு என்ன, டயர் பஞ்சர். ஓரமா ஒதுங்கிடுச்சு. ஸ்டெப்னிய மாட்டி, காய்ச்சக்காரனயும் ஏத்திக்கிட்டு வந்து சேந்துட்டான். வந்ததும் வராததுமா ஒரு குண்டான் கஞ்சி."

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் கதை கட்டினேன். அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டே யோசிப்பேன். மேஜருக்குப் பல்வலி வரவைத்தேன். நால்வரில் மூக்குக்கண்ணாடி போட்டவனுக்குப் பெண் பார்த்தேன். நம் பயலுக்கு எல்லா நாளும் சோறு போட்டேன். எனக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. வரும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

சரக்குத் தீர்ந்த ஒருநாள், தம்பி சின்ன வயதில் செய்ததை எடுத்துப் போட்டேன். அப்பாவுக்கு வைத்திருந்த வறுத்த மீனை அவ்வளவும் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டான். முள்ளையெல்லாம் பூவரச இலையில் மடித்துக் கிணற்றடியில் செருகி வைத்திருந்தான். கதையில் அப்பாவை மேஜர் ஆக்கினேன், பூனையை நாய் ஆக்கினேன். முள்ளைக் கட்டுத்துணியில் சுற்றி வைத்தான் என்றேன்.

"கட்டுத்துணியிலயா? எலையில இல்ல?" என்று கேட்டாள் அம்மா.

நான் மோர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் வாங்கி ஊற்றிக்கொண்டாள். மறுநாளும் நான் கதை சொன்னேன். அவளும் சாப்பிட்டாள். தெரிந்துகொண்டே கேட்டாள், நானும் தெரிந்துகொண்டே சொன்னேன். இப்படி எத்தனையோ நாள் ஓடியது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்த நேரம் போனேன். அம்மா கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் பச்சரிசி. புழுங்கல் அரிசி சாப்பிடுகிற வீட்டில் இது எதற்கு, பலகாரம் ஏதாவது செய்யப்போகிறாளோ என்று நினைத்தேன்.

"போதும்டி" என்றாள்.

"என்ன போதும்?"

"அவன் கதை. அந்த ஜீப்பு அன்னிக்கே கவுந்துடுச்சு. ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"பின்ன ஏம்மா இத்தன நாளு கேட்டுக்கிட்டு இருந்தே?"

"நீ சொல்றப்ப அவன் இருந்தான்ல. அதான்." முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா எத்தன நாளைக்கிடி அவன ரோட்டுலயே நிக்க வைக்கிறது? ஊருக்குக் கொண்டாந்துடு. பொட்டியிலதான் வருவான், வரட்டும். மூடிய மட்டும் தொறந்து வை."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "என்னால முடியாது. இது என்ன வெளையாட்டா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. "சொல்லுடி" என்றாள்.

உட்கார்ந்தேன். சொன்னேன். ஜீப் வளைவில் திரும்பியது, சக்கரம் வழுக்கியது. இந்தத் தடவை பஞ்சர் இல்லை. "வலிச்சிச்சான்னு மட்டும் கேக்காதம்மா, எனக்குத் தெரியாது" என்றேன். "கேக்கல" என்றாள். விமானத்தில் வந்து, வண்டியில் ஏறி, வயல்களைத் தாண்டி வாசலுக்கு வந்தான். மற்ற மூன்று பேரும் கூட வந்தார்கள். கூடத்தில், எங்கள் இருவருக்கும் நடுவில் இறக்கி வைத்தார்கள். ஒருவன் திருகைக் கழற்றினான்.

"யாரு, மூக்குக்கண்ணாடி போட்டவனா?"

"ஆமா, அவன்தான்."

"நல்ல பய." முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "மொகம்?" என்றாள்.

"மொகம் அப்படியே இருக்கும்மா. கன்னத்துல மட்டும் ஒரு கீறல். வாயி கொஞ்சம் தொறந்த மாதிரி இருக்கு."

"பசி" என்றாள் அம்மா.

இடது கையால் முறத்திலிருந்து அரிசியை அள்ளினாள். கையைப் புறமாகத் திருப்பி, எங்களுக்கு நடுவில் இருந்த வெறுந்தரையில் மெல்லச் சரித்தாள். மறுபடி அள்ளினாள், சரித்தாள். சிமெண்டுத் தரையில் அது சின்னக் குவியலாக நின்றது. ஒரு மணியும் உருளவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் முறத்தை என் பக்கம் தள்ளினாள். "அன்னிக்கி ஒன் கையில யாரும் அரிசி குடுக்கல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். போடு" என்றாள்.

அத்தனை நாளும் அம்மாவுக்காகத்தான் கதை சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசியை அள்ளியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பெட்டி வந்த அன்று அழாத அழுகை. போட்டேன். அம்மா என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

பிறகு எழுந்து, துணிக்கொடியிலிருந்து துண்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

"எழுந்திரு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா, நானும் ஊத்திக்கிறேன். சாப்புடலாம்."