தறிக்காரர் கை பேசிய நாள்

எனக்கு முன்கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதில் பாதி இடங்களில் நான் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருப்பேன். முதல் திட்டு வாங்கியவர் என் கணவர். அதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கொட்டகையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அவர். தறிகள் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினால் தறியை நிறுத்து. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓட்டு. சுழற்றிவிட்டுப் புருவத்தை உயர்த்தினால், ஓட்டலாமா என்று கேள்வி. ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் காதில் இரைச்சல் அடங்கும்வரை வீட்டில் வாய் திறக்கமாட்டார். எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆண்கள் அப்படித்தான், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு வந்தார். காப்பியை வாங்கியவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். "கை தளர்ந்து போற அளவுக்கு எதுக்கு டபுள் ஷிப்ட்டு பாக்கணும்? யாரு கேட்டா?" என்று ஒரு பாட்டம் கத்தினேன். பதில் இல்லை. காதைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். இரைச்சல் இன்னும் அடங்கவில்லை போல என்று பாயை விரித்துப் படுக்க வைத்தேன். பதினொன்றரைக்கு எழுப்பினால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "தாதா, தாதா" என்றார். வேறு ஒன்றும் வரவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாததால் அங்கே உறைந்த ரத்தம் மூளையின் இடது பக்கத்துக்குப் போய் அடைத்திருந்தது. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஏழு மணிக்கே கிளம்பி வந்திருந்தால் போட்டிருப்போம் என்றார் டாக்டர். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன், பல நாள்.

டாக்டர் அவரிடம் கண்ணை மூடச் சொன்னார், இவர் சிரித்தார். பேனாவைக் காட்டி இது என்ன என்றார், "தாதா." எழுதச் சொன்னால் வெறும் கோடு. பேச்சு, பேசுவதைப் புரிந்துகொள்வது, படிப்பு, எழுத்து நாலும் போயிருந்தன. "புத்தி போகலம்மா, பாஷைதான் போயிருக்கு. ரெண்டும் வேற வேற" என்றார். அந்த ஒரு வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊர் அதை நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் செவிடனிடம் பேசுவது போல அவர் முகத்தருகே கத்தினார்கள். அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "தம்பிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. இனி அவன்கிட்ட எதையும் கேக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனுஷன்தான், ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். ஆனாலும் காப்பியைக் கொடுக்காமலே அனுப்பி வைத்தேன்.

வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், முதலில் என்னைத்தான் திருத்தினாள். "டிவியை நிறுத்திட்டுப் பேசுங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயம். கத்தாதீங்க. கேட்டுட்டு அவரு பதிலுக்குக் காத்திருங்க." காத்திருப்பதா, நானா? பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். படம் ஒட்டிய நோட்டு ஒன்று போட்டோம். சோறு, தண்ணி, மாத்திரை, மகள். இரண்டு மாதம் போனது. தண்ணி கேட்க மாத்திரையைத் தொட்டுவிட்டு அழுதார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபது வருடமாகப் பக்கத்துத் தறியில் நின்ற கூட்டாளி வந்தார். அந்த மனுஷருக்கு வீட்டிலும் பேசுகிற பழக்கம் கிடையாது. வாசலில் நின்றபடியே ஐந்து விரலைக் குவித்து வாய்க்கு நேரே காட்டினார், சாப்டாச்சா என்று. இவர் உள்ளங்கையைத் தட்டினார், நிறுத்தியிருக்கிறது என்று. பிறகு அடுப்படிப் பக்கம் என்னைக் காட்டினார். கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தார். சமையல் தாமதம் என்று என்னைத்தான் போட்டுக்கொடுத்திருக்கிறார், கிராதகர். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். "எல்லாருக்கும் இப்படி அமையாது. பெரும்பாலும் சாடையும் சேர்ந்துதான் போயிரும். இவருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதைப் பிடிச்சுக்கிடுவோம்" என்றாள். அன்று முதல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சாடை சேர்த்தோம். சாடையைக் காட்டிக்கொண்டே வார்த்தையைச் சொல்வது, அவர் வாய் அசையும்வரை பொறுப்பது. அந்தக் கூட்டாளியே எனக்கும் மகளுக்கும் கொட்டகைச் சாடை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். எட்டு மாதத்தில் "தண்ணி", "வா", "போதும்" என்று ஆறேழு வார்த்தைகள் வந்தன. சின்னச் சின்னதாகக் கேட்டால் புரிந்துகொண்டார். வலது கை மட்டும் தளர்வாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வத்திராயிருப்பிலிருந்து மகளுக்கு வரன் வந்தது. பையன் கிருஷ்ணன்கோவிலில் லேப் வேலை. எல்லாம் பொருந்தி, எங்கள் வீட்டில் வைத்து நிச்சயம் என்று முடிவானது. எங்களில் பெண்ணின் தகப்பன் சபையில் சம்மதம் சொல்லித் தாம்பூலத் தட்டை நீட்ட வேண்டும். "நான் உக்காந்துக்கிடுதேன். சபையில தாதான்னு சொன்னா நம்ம மானம் என்னாகும்?" என்றார் அத்தான்.

"அவிய உயிரோட இருக்கையில அவிய மகளுக்கு வேற ஆளு தட்டு மாத்துறதா? உங்க தம்பிதான் உக்காருவாக" என்றேன். மூன்று நாள் சண்டை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளைக் கவனிக்க எனக்கும் நேரமில்லை.

நிச்சயத்தன்று அவருக்கு வெள்ளை வேட்டி கட்டி நடுவில் உட்கார வைத்தேன். படத்தைக் காட்டி, சாடை காட்டி, நாலு நாளாக விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சபைப் பெரியவர், "பொண்ணு வீட்டுல சம்மதந்தானே?" என்று கேட்டார். அத்தான் வாயைத் திறந்தார். "செத்த நேரம் பொறுங்க, அவிய சொல்லுவாக" என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்து.

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாத்தியா, வேண்டாங்கான். நான் அப்பவே சொன்னேன்" என்று அத்தான் என் காதருகே முணுமுணுத்தார்.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, அடுப்படி வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற மகளைப் பார்த்தார். ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். புருவத்தை உயர்த்தினார்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விரலைச் சுழற்றினாள்.

அவர் தளர்ந்த வலது கைக்கு இடது கையை முட்டுக்கொடுத்துத் தட்டைத் தூக்கி நீட்டினார். "வா" என்றார் சம்பந்தியைப் பார்த்து, தெளிவாக.

"என்னத்தா நடந்துச்சு? என்ன கேட்டான்?" என்றார் அத்தான்.

"மகளுக்குச் சம்மதமான்னு கேட்டாக, அத்தான்" என்றேன். "நீங்களும் கேக்கல. நானும் கேக்கல."